கோடிட்ட இடத்தில் தொலையும் ஆங்கிலம்

பிரிபொசிஷன் என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது ஒரு கோடு. முன்னும் பின்னும் நாலு சொல், நடுவே காலியிடம். 'இன்' போடுவதா, 'ஆன்' போடுவதா, 'அட்' போடுவதா? சரியாகப் போட்டால் ஒரு மார்க். பள்ளிக்கூடம் தொடங்கி போட்டித் தேர்வு வரை இதே கதைதான்.

அந்தச் சின்னச் சொல், பின்னால் வரும் பெயர்ச்சொல்லோடு சேர்ந்து தொடரான பிறகுதான் வேலையே தொடங்குகிறது. 'புட் தி புக் ஆன் தி டேபிள்' என்றால், எங்கே வைப்பது என்று வினையை விளக்குகிறது. 'தி புக் ஆன் தி டேபிள் இஸ் மைன்' என்றால், எந்தப் புத்தகம் என்று பெயரை விளக்குகிறது. அதே மூன்று சொற்கள்தான், வேலை மட்டும் வேறு.

தமிழில் இந்தக் குழப்பம் அவ்வளவாக வராது. 'மேசைமேல் வை' என்கிறோம். 'மேசைமேல் இருக்கிற புத்தகம்' என்கிறோம். 'இருக்கிற' என்ற பெயரெச்சம் வழி காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தக் கைகாட்டி கிடையாது. மொழியியல் வகுப்புகளில் அடிக்கடி காட்டும் வாக்கியம் ஒன்று: 'ஐ சா தி மேன் வித் தி டெலஸ்கோப்'. தொலைநோக்கி யாரிடம் இருந்தது? பார்த்தவரிடமா, பார்க்கப்பட்டவரிடமா? இலக்கணப்படி இரண்டுமே சரி. தொடர் எந்தச் சொல்லோடு ஒட்டுகிறது என்று வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்பியே வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை.

தமிழை அப்படியே ஆங்கிலமாக்கும்போது வரும் பிழைகள் வேறு வகை. 'உன்மேல் கோபம்' என்பதைப் பலர் 'ஆங்க்ரி ஆன் யூ' என்று சொல்லிவிடுகிறார்கள். 'ஆங்க்ரி வித் யூ' என்பதே ஆங்கில வழக்கு. நம் 'கு' உருபு இன்னும் பாடுபடுத்தும். 'பத்து மணிக்கு' என்றால் 'அட்', 'மதுரைக்கு' என்றால் 'டு', 'தம்பிக்கு வாங்கினேன்' என்றால் 'ஃபார்'. 'வாரத்துக்கு ஒருமுறை' என்றால் எதுவுமே வேண்டாம், 'ஒன்ஸ் எ வீக்' போதும். இதற்கெல்லாம் பட்டியல் மனப்பாடம் உதவும் என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேச்சில் வரும் இந்தப் பிழைகளை எதிரில் இருப்பவர் பொறுத்துக்கொள்வார்.

பொறுத்துக்கொள்ளாதவை காகிதங்கள். வங்கிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், பணி ஆணை எல்லாம் தொடருக்குள் தொடராக எழுதப்படுகின்றன. ஒரு நோட்டீஸில் 'விதின் தர்ட்டி டேஸ் ஃப்ரம் தி டேட் ஆஃப் ரிசீப்ட் ஆஃப் திஸ் நோட்டீஸ்' என்று இருக்கிறது. இதில் பிரிபொசிஷன் நான்கு. நான்கும் சின்ன வகுப்பிலேயே படித்தவை. 30 நாளுக்குள். எதிலிருந்து? அந்தத் தேதியிலிருந்து. எந்தத் தேதி? கிடைத்த தேதி. எது கிடைத்த தேதி? இந்த நோட்டீஸ். ஒவ்வொரு தொடரும் தனக்கு முந்தைய பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தமிழில் இதைக் கடைசியிலிருந்து தொடங்கிச் சொல்வோம்: 'இந்த நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள்'. இந்தத் தலைகீழ் வரிசையைப் பழக்காவிட்டால், பட்டம் பெற்றவரும் நோட்டீஸில் அச்சான தேதியிலிருந்து நாளை எண்ணிக்கொண்டிருப்பார்.

எழுதும்போதும் இதே சிக்கல்தான். 'தி லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ் ஃப்ரம் த்ரீ டிஸ்ட்ரிக்ட்ஸ்' என்பதை அடுத்து 'இஸ்' வருமா, 'ஆர்' வருமா? பலர் 'டிஸ்ட்ரிக்ட்ஸ்' என்ற பன்மையைப் பார்த்து 'ஆர்' போட்டுவிடுகிறார்கள். இரண்டு தொடர்களையும் விரலால் மறைத்துப் பாருங்கள். மிஞ்சுவது 'தி லிஸ்ட்', ஆகவே 'இஸ்'. பிரிபொசிஷனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட பெயர் அந்த வாக்கியத்தின் எழுவாய் ஆவதில்லை.

பத்தாண்டுக்கு மேல் ஆங்கிலம் படித்தவர், தன் கைக்கு வந்த கடிதத்துக்குப் பொருள் கேட்டு அடுத்தவர் வாசலில் நிற்பதை இனியும் ஏற்க முடியாது. வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால், ஆங்கில நாளிதழில் ஒரே ஒரு பத்தியைக் கொடுங்கள். பிரிபொசிஷன் தொடர்களை அடைப்புக்குறிக்குள் போடச் சொல்லி, ஒவ்வொரு தொடரும் எந்தச் சொல்லைச் சேர்ந்தது என்று கேளுங்கள்.