ஏலத்தில் வீடு... ஜெயிக்கும் முன் யோசியுங்கள்!

பாலக்கோடு மண்டியில் தக்காளியைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் விலை கேட்போம். வங்கிகள் ஆன்லைனில் ஏலம்விடும் வீட்டைப் போட்டோ பார்த்து மட்டும் கேட்கலாமா?

‘பாங்க்நெட்’ தளத்தில் பதிவுசெய்து, முன்பணம் கட்டினால் பொதுத்துறை வங்கிகளின் ஏலத்தில் கலந்துகொள்ளலாம். முன்பணம் பெரும்பாலும் அடிப்படை விலையில் 10 சதவிகிதம். ஏலம் கிடைக்காவிட்டால் அது திரும்பிவிடும்.

கிடைத்தால்தான் சோதனை. முன்பணத்தையும் சேர்த்து 25 சதவிகிதத்தை அன்றோ, அடுத்த வேலை நாளுக்குள்ளோ கட்ட வேண்டும். விற்பனை உறுதியானதும் மீதிக்கு 15 நாள்; வங்கி எழுத்துபூர்வமாகச் சம்மதித்தால் மட்டுமே கூடுதல் அவகாசம். தவறினால் கட்டிய பணம் போய்விடும். எனவே, வீட்டுக்கடன் கிடைக்குமா என முதலிலேயே விசாரியுங்கள்.

வீடு ‘உள்ளது உள்ளபடி’ விற்கப்படும். உள்ளே யார் குடியிருக்கிறார்கள், வரி பாக்கி உண்டா என்று நேரில் பாருங்கள். வில்லங்கச் சான்றும் எடுங்கள்.

உங்களால் முடிந்த உச்ச விலையை முதல் நாளே எழுதிவையுங்கள். ஏலம் அதைத் தாண்டினால், போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்!