வீட்டு விறகைக் கையாளுதற்கு வீட்டிலேயே செய்யத்தக்க உபகரணங்கள்

விளைந்த நெல்லும் மரக்கறியும் உணவாவதற்கு நெருப்பு வேண்டும். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் இல்லங்களுள் நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்டவை விறகைக் கொண்டே சமையல் செய்தன. 2022 ஆம் ஆண்டிற் சமையல் வாயுவிற்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டபொழுது, வாயு அடுப்பிற் பழகிய குடும்பங்கள் பலவும் விறகடுப்பிற்குத் திரும்பின. இவ்வாறிருந்தும், மண்வெட்டி, கலப்பை, மருந்து தெளிகருவி ஆகியவற்றைத் தெரிந்தெடுப்பதிற் கமக்காரர் செலுத்தும் கவனத்திற் சிறுபங்கேனும் விறகு வேலைக்குச் செலுத்தப்படுவதில்லை. மழுங்கிய கோடரி ஒன்றும், சுமக்கும் தலை ஒன்றும் போதுமென எண்ணப்படுகின்றது. காலிற் பட்ட வெட்டு, கழுத்துநோ, இடுப்புநோ, புகை நிறைந்த சமையலறை ஆகியன இதன் விளைவுகளாம். கையிலுள்ள மரம், பழைய சாக்கு, கயிறு முதலியவற்றைக் கொண்டு, தச்சரின் உதவியின்றியே செய்யக்கூடிய சில உபகரணங்கள் இங்கு விளக்கப்படுகின்றன.

மலைநாட்டின் நிலை

இலங்கைப் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்திலுள்ளது பட்டிப்பொல ஆகும். அது கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல் அமைந்துள்ளது. உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா ஆகியன செழிக்கும் இக்குளிர்ப் பிரதேசத்தில் விறகு எளிதில் உலர்வதில்லை. மழை ஓய்ந்த நாளிலும் மூடுபனி நிற்கும். பட்டிப்பொலக்கும் ஒகியாவிற்கும் இடையிலுள்ள சுரங்கப்பாதையைக் கடந்தவர், ஒருபுறம் மழையும் மறுபுறம் வெயிலும் இருப்பதைக் கண்டிருப்பர். ஊவாப் பக்கத்தில், வெலிமடையின் வயல்களில் நெல்லும் உருளைக்கிழங்கும் மாறி மாறிப் பயிரிடுவோர்க்கு வெயில் துணை செய்யும். மேற்குப் பக்கத்தார் தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரையுள்ள வறண்ட வாரங்களை முற்றாகப் பயன்படுத்தல் வேண்டும். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் விறகு பிளக்கப்பட்டுக் கூரையின்கீழ் அடுக்கப்பட்டிருத்தல் அவசியம்.

விறகிலுள்ள நீர்

புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் ஏறக்குறைய அரைவாசி நீராகும். 100 கிலோகிராம் பச்சை விறகில் 50 கிலோகிராம் மரமும் 50 கிலோகிராம் நீரும் உள்ளனவெனக் கொள்வோம். நன்கு உலர்ந்து, நிறையில் ஐந்திலொரு பங்கு மாத்திரம் நீராக எஞ்சும்பொழுது அவ்விறகின் நிறை 62½ கிலோகிராம் ஆகும். குறைந்த 37½ கிலோகிராமும் நீரே. பச்சை விறகைச் சுமப்பவர் மலைப்பாதையில் இந்நீரையும் சுமக்கின்றார். பின்னர் அந்நீரை ஆவியாக்குவதில் அடுப்பின் வெப்பத்தில் ஒரு பங்கு வீணாகின்றது. ஈர விறகின் புகை கண்களையும் சுவாசப்பைகளையும் கெடுக்கும். அடுப்பருகே நெடுநேரம் இருக்கும் பெண்களும் அவர்களுடைய சிறு குழந்தைகளுமே இதனால் மிகுதியாகத் துன்புறுகின்றனர். எனவே வெட்டிய இடத்திலேயே துண்டாக்கிப் பிளந்து, இயன்றவரை அங்கேயே உலரவிட்டுப் பின்னர் வீட்டிற்குக் கொண்டுவருதல் நன்று.

1. அறுப்புத் தாங்கி

தரையிற் கிடக்கும் மரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு அறுத்தல் ஆபத்தானது, இடுப்பையும் வருத்தும். மூன்று அங்குலக் கனமும் 3½ அடி நீளமுமுள்ள நான்கு கம்புகளை எடுத்து, இரண்டிரண்டாகப் பெருக்கற்குறி வடிவிற் பொருத்துக. கம்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் அடியிலிருந்து 27 அங்குலத்தில் இருத்தல் வேண்டும். அவ்விடத்தில் ஒவ்வொரு கம்பிலும் பாதிக்கனம் கொத்தி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றை அழுத்தி, போல்ட் ஒன்றினால் முடுக்குக. கால்களின் அடிகள் 2½ அடி அகன்று நிற்கட்டும். இவ்விரு சோடிகளையும் 1½ அடி இடைவெளியில் நிறுத்தி, கீழே இருபுறமும் இரண்டு குறுக்குக் கம்புகளாலும், கவட்டின் கீழே ஒன்றாலும் இணைத்து, ஒரு பக்கத்திற் சாய்கம்பு ஒன்று அடித்தால் தாங்கி ஆடாது.

இதன்மேல் வைக்கும் நடுத்தர மரம் ஏறக்குறைய 2½ அடி உயரத்தில் இருக்கும். அறுக்கும் இடம் எப்பொழுதும் தாங்கிக்கு வெளியே நீண்டிருத்தல் வேண்டும். இரு கவடுகளுக்கும் நடுவே அறுத்தால் மரம் தொய்ந்து வாளைப் பற்றிக்கொள்ளும். துண்டுகள் அடுப்பின் அளவிற்கேற்ப ஓரடி நீளமாக ஒரேயளவில் இருக்கட்டும்; தாங்கியின் காலில் அளவுக்குறி ஒன்று வெட்டிவைத்தல் உதவியாகும்.

2. கொத்தும் கட்டையும் பழைய ரயரும்

கல்லின்மீதோ வெறுந்தரையிலோ விறகு கொத்துதல் கோடரியின் வாயைக் கெடுக்கும்; தவறிய வெட்டு காலிற் படவுங்கூடும். ஒன்றேகால் அடி உயரமும் 1½ அடி விட்டமுமுள்ள அடிமரத் துண்டொன்றைச் சமநிலத்தில் அசையாவண்ணம் பதித்துக்கொள்க. பழைய மோட்டார் வாகன ரயர் ஒன்றை அதன்மேல் வைத்து நான்கு ஆணிகளால் அறைக. துண்டுகளை ரயரினுள் நிமிர்த்தி வைத்துக் கொத்தினால் அவை சரிந்து விழா. பிளந்த சிறாய்களும் முகத்திற் தெறிக்கமாட்டா. ஒவ்வொரு முறையும் குனிந்து எடுத்து நிமிர்த்தும் வேலையும் குறையும். ரயரின் அடிப்பக்கத்தில் நான்கைந்து துளைகள் இடுதல் கட்டாயம். மழைநீர் தேங்குமாயின் டெங்கு நுளம்பு பெருகுதற்கு அதுவே இடமாகும்.

3. ஆப்பும் கொட்டாப்புளியும்

யூக்கலிப்டஸ் மரம் உலர்ந்தபின் இரும்புபோல் இறுகும். பச்சையாக இருக்கும்பொழுதே பிளத்தல் இலகு. பருமனான கட்டைகளைக் கோடரியால் ஓயாது அடிப்பதிலும் பார்க்க ஆப்பு வைத்துப் பிளத்தல் மேலானது. லொறியின் பழைய வில்லுத் தகட்டிலிருந்து கொல்லரிடம் இரும்பாப்பு ஒன்று செய்வித்துக்கொள்ளலாம். அதற்குத் துணையாக உலர்ந்த வன்மரத்தில் 9 அங்குல நீளம், 2½ அங்குல அகலம், தலைப்பக்கத்தில் 1½ அங்குலத் தடிப்பு என்னும் அளவில் மூன்று மர ஆப்புகள் செய்க. தலையின் ஓரங்களைச் சீவிவிட்டால் அடிபட்டுச் சிதையா.

முதலில் கட்டையின் தலையில் உள்ள வெடிப்பில் இரும்பாப்பை அடித்து, வாய் திறந்ததும் மர ஆப்புகளை அதன் பின்னே செலுத்துக. மர ஆப்பை அடிப்பதற்கு, 5 அங்குல விட்டமும் 10 அங்குல நீளமுமுள்ள மரத்துண்டிற் பிடி பொருத்திய கொட்டாப்புளி போதும். இரும்பாப்பைச் சம்மட்டியால் அடிக்க. கோடரியின் பின்புறத்தால் அடித்தால் பிடி நுழையும் துளை விரிந்து, கோடரித்தலை கழன்று பறக்க இடமுண்டு.

4. சிறாய் பிளக்கும் கட்டை

அடுப்பு மூட்டுதற்கு வேண்டிய மெல்லிய சிறாய்களை, ஒரு கையில் விறகையும் மறுகையிற் கத்தியையும் பிடித்துப் பிளப்பதாலேயே விரல்கள் வெட்டுண்கின்றன. அரிவாள்மனையைப்போல் அலகை நிலையாக நிறுத்திவிட்டால் இவ்விடர் பெரிதும் குறையும். வில்லுத் தகட்டில் 8 அங்குல நீளமும் 2 அங்குல அகலமுமுள்ள துண்டொன்றின் ஒரு விளிம்பைக் கூராக்குவிக்க. வன்மரக் கட்டையொன்றின் தலையில் ஓரங்குல ஆழத்திற்குப் பிளவு அறுத்து, கூர் மேனோக்க அலகைப் பதித்து, இருபுறமும் சிற்றாப்புகளால் இறுக்குக.

மூன்று அங்குலத்திற்கு உட்பட்ட விறகுத் துண்டை அலகின்மேல் நிறுத்தி, அதன் நடுவிற் பிடித்துக்கொண்டு கொட்டாப்புளியால் மெல்ல ஒரு தட்டுத் தட்டுக. அலகு பற்றியதும் கையை எடுத்துவிட்டு, பின் ஓங்கி அடிக்க. கோடரி வீச வலிமையில்லாத முதியோரும் இம்முறையாற் சிறாய் பிளக்கலாம். வேலை முடிந்தவுடன் அலகை மரப்பெட்டியொன்றால் மூடிவைத்தல் வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதனை ஒருநாளும் மறத்தலாகாது.

5. மிலாறு கட்டும் சட்டம்

தேயிலை கவாத்தின்போது கிடைக்கும் மிலாறு, தோட்டத்து இல்லங்களின் நல்விறகாகும். ஒரு மலை சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே கவாத்துக்கு வருவதால், கிடைத்ததைப் பழுதின்றிச் சேமித்தல் வேண்டும். மண்ணிற் குவித்துவைத்த மிலாறு பூஞ்சணம் பிடித்துக் கெடும்.

2½ அடி நீளமான இரு சட்டங்களை ஓரடி இடைவெளியில் இணைத்து, ஒவ்வொன்றிலும் ஓரடி அகலத்தில் இரண்டு முளைகளை நிறுத்துக. முளைகள் 2 அடி உயரமாகட்டும். முதலிற் கயிறுகள் இரண்டை அடியிற் பரப்பி, மிலாற்றை நீளவாட்டில் நிறைத்து, மேலே கம்பொன்றை வைத்து அழுத்தி இறுகக் கட்டுக. இவ்வாறு கட்டிய கட்டுகள் யாவும் ஓரளவினவாக இருக்கும். எத்தனை நாட்களுக்கு விறகுண்டென எண்ணிச் சொல்லலாம். கட்டை அப்படியே அறுப்புத் தாங்கியில் வைத்து வாளால் அறுத்தால், ஒவ்வொரு கொம்பாக முறிக்கும் வேலையும் மிச்சமாகும்.

6. முதுகுச் சட்டம்

சும்மாடு வைத்துத் தலையிற் சுமக்கும் வழக்கம் பழமையானதெனினும், சரிவான வழுக்குப் பாதையில் முழுப்பாரமும் கழுத்தின்மேல் இறங்குகின்றது. கைகளும் கட்டுண்டு விடுகின்றன. 2½ அடி நீளமான இரு இலேசான கம்புகளை ஓரடி இடைவெளியில் மூன்று குறுக்குக் கம்புகளால் இணைத்து, அடியில் 8 அங்குலம் நீண்டு நிற்கும் இரு முளைகளைப் பொருத்தினால் முதுகுச் சட்டம் ஆயிற்று. பழைய சாக்கை நான்காக மடித்துத் தைத்து இரு தோள்வார்கள் அமைக்க. முதுகு படும் பக்கத்தில் சாக்கை இழுத்துக் கட்டுக. சுமை, சுமப்பவரின் நிறையில் நான்கிலொரு பங்கிற்கு மேற்படாதிருத்தல் நன்று. கர்ப்பிணிகளைக் கொண்டு விறகு சுமப்பித்தல் ஆகாது.

7. விறகுப் பந்தல்

6 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள இடத்தில் நான்கு தூண்கள் நாட்டி, தரையிலிருந்து ஓரடி உயரத்திற் கம்புத்தளம் அமைத்து, மேலே பழைய தகரம் இடுக. கூரை மழைக்காற்று வரும் பக்கத்தில் 1½ அடி நீண்டிருக்கட்டும். பக்கங்களை அடைத்தலாகாது, காற்றோட்டமே விறகை உலர்த்துவது. பிளவுகளுக்கிடையே வெளி விட்டு 4 அடி உயரத்திற்கு அடுக்கினால், நாளொன்றிற்கு 5 கிலோகிராம் எரிக்கும் இல்லத்திற்கு அது ஏறக்குறைய மூன்று மாதங்களுக்குப் போதும். இரண்டு பந்தல்கள் இருப்பின், ஒன்றில் எரிக்கும் விறகும் மற்றதில் உலரும் விறகுமாக ஒழுங்கு நடத்தலாம்.

விறகு உலர்ந்ததா என்பதை அறிய, துண்டொன்றைக் குறியிட்டு வாரந்தோறும் தராசில் நிறுத்துப் பார்க்க. நிறை குறையாது நின்றுவிடின் விறகு அடுப்பிற்கு ஆயத்தமாயிற்று. அடுப்பின் மேலுள்ள பரணில் மறுநாளைக்கு வேண்டியதை மாத்திரம் வைக்க. சுவரோடு சுவராக வீடுகள் அமைந்துள்ள லயங்களில் ஒரு பரணிற் பற்றும் தீ பல குடும்பங்களை வீதிக்குக் கொணரும்.

கவனிக்க வேண்டியவை

ஹோட்டன் சமவெளி 1988 ஆம் ஆண்டு முதல் தேசிய பூங்காவாகும். அங்கும் ஏனைய ஒதுக்குக் காடுகளிலும் விறகு எடுத்தல் குற்றமாகும். சமவெளியிலிருந்து புறப்படும் ஓடைகளே கீழுள்ள வயல்களுக்கு நீர் தருகின்றன என்பதை நெற்செய்கையாளர் உணர்தல் வேண்டும். தம் காணியின் எல்லையிலே விறகுமரம் வளர்ப்போர் யூக்கலிப்டஸ் மரத்தைத் தரைக்கு நான்கைந்து அங்குல உயரத்தில், மழைநீர் வழிந்தோடச் சாய்வாக வெட்டினால் அது மீண்டும் தளிர்க்கும். தாழ்நிலத்தார்க்கு வேலியிலுள்ள சீமைக்கிளுவையே போதிய விறகு தரும். அதன் இலை வயலுக்குப் பசளையுமாகும்.

கோடரியின் பிடியில் அசைவு காணப்படின் அதனைச் சரிசெய்யாது ஒரு வெட்டும் வெட்டலாகாது. கூரான கோடரி மழுங்கிய கோடரியிலும் பார்க்க ஆபத்துக் குறைந்தது. மழுங்கியது மரத்தில் இறங்காது வழுக்கிக் காலை நோக்கி வரும். கொத்தும் இடத்திலிருந்து பிள்ளைகள் பத்தடிக்கு அப்பால் நிற்றல் வேண்டும்.

அடுப்புச் சாம்பலை நனையாது சேர்த்துவைத்து, மலைநாட்டின் புளிப்பு மண்ணில் கோவா, பீற்றூட் பாத்திகளுக்கு மெல்லியதாகத் தூவலாம். உருளைக்கிழங்கு நிலத்திற்கு மிகுதியாக இடுதல் கூடாது. கிழங்கிற் சொறிநோய் பெருகும்.

இவ்வுபகரணங்கள் யாவற்றையும் ஒரே நாளிற் செய்யவேண்டியதில்லை. முதலில் அறுப்புத் தாங்கியையும் விறகுப் பந்தலையும் அமைத்துக்கொள்க. அவ்விரண்டையும் மார்கழி முடியுமுன் செய்துவிட்டால், வரும் தையின் வெயில் வீண்போகாது.