காலேஜ் பீஸை ஒரே நோட்டீசில் ஏத்திட முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

காரைக்கால்:
அரசு கல்லூரி நோட்டீஸ் போர்டில் புது பீஸ் பட்டியல் ஒட்டினால் பெற்றோர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. "கவர்மெண்ட் காலேஜ்தானே, சரியாத்தான் இருக்கும்" என்று கட்டிவிட்டு போகிறார்கள். ஆனால் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதற்கு முன்னால், ஏற்றியது யார் என்று பார்க்க வேண்டும்.

அறிஞர் அண்ணா அரசு கல்லூரி, அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி இரண்டையும் நடத்துவது புதுச்சேரி அரசு. பட்டம் தருவது புதுவை பல்கலைக்கழகம். பல்கலைக்கழகம் பீஸ் நிர்ணயிக்க, 1985-ம் ஆண்டு சட்டப்படி 'ஆர்டினன்ஸ்' என்ற விதி இருக்க வேண்டும். (வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே அரசு கலைக்கல்லூரிகளில் இளநிலை டியூஷன் பீஸ் 2007-ல் ரத்தானது. அந்த உத்தரவை இங்கே காட்டி பிரயோஜனம் இல்லை!)

ஆமதாபாத் நகர வளர்ச்சி ஆணையம் வசூலித்த கட்டணம் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1992-ல் ஒரு தீர்ப்பு தந்தது. சட்டம் வெளிப்படையாக அதிகாரம் தராவிட்டால், ஓர் அமைப்பு தானாக கட்டணம் விதிக்க முடியாது என்பதே அதன் சாரம். கல்லூரி வழக்கு இல்லைதான். ஆனாலும் பீஸ் தகராறுக்கு உதவும்.

டெல்லி ஜே.என்.யு.வில் 2019-ல் விடுதி விதிகளை மாற்றி, 20 ரூபாயாக இருந்த தனி அறை வாடகையை 600 ஆக்க முடிவெடுத்தார்கள். போராட்டம் வெடித்தது. மாணவர் பிரதிநிதிகளை கூப்பிடாமலே விதியை மாற்றிவிட்டார்கள் என்று மாணவர் சங்கம் கோர்ட்டுக்கு போனது. அதுவரை பதிவு செய்யாதவர்களை அபராதம் இல்லாமல் பழைய கட்டணத்திலேயே சேர்க்கும்படி 2020 ஜனவரி 24-ல் டெல்லி ஐகோர்ட் இடைக்கால உத்தரவு போட்டது.

அதிகாரம் உள்ளவரே ஏற்றினால் கதை வேறு. திருவேட்டக்குடி என்.ஐ.டி. உட்பட எல்லா என்.ஐ.டி.களிலும் 2016-ல் பி.டெக். டியூஷன் பீஸ் 70 ஆயிரத்தில் இருந்து 1.25 லட்சமானது. கூடவே எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், வருட வருமானம் 1 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கும் முழு விலக்கு தந்தார்கள். 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. இது தெரியாமல் முழு பீஸுக்கு கடன் வாங்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால், எந்த விதி, எந்த அரசாணைப்படி ஏற்றினீர்கள் என்று கல்லூரியிடம் தகவல் உரிமை சட்டத்தில் மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். அரசாணை நம்பர் இல்லாமல் மழுப்பலாக பதில் வந்தால், அதையே கையில் வைத்து ரிட் போடலாம். காரைக்காலுக்கும் சென்னை ஐகோர்ட்தான்.