ஐசியூவிலிருந்து வந்த பிறகும் கட்டிலே கதியா?

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் பாம்பு கடித்தவரானாலும், வயலில் மருந்தடிக்கும்போது விஷம் ஏறியவரானாலும், திண்டிவனம் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவரானாலும், நிலைமை கைமீறினால் வண்டி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பறக்கும். பத்துப் பதினைந்து நாள் வெண்டிலேட்டரில் கிடந்து பிழைத்தவர் ஊர் திரும்பும்போது வாசலில் ஆரத்தி எடுக்கிறார்கள். ஃபேனுக்கு நேர்கீழே கட்டில் போடுகிறார்கள். "மறுபிறவி எடுத்து வந்திருக்க, அலட்டிக்காம படு" என்கிறார்கள். சாப்பாடு, மருந்து, செல்போன் எல்லாம் கட்டிலுக்கே வருகின்றன.

இது அன்புதான். ஆனால் ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், கைத்தாங்கல் இல்லாமல் அவரால் எழ முடியவில்லை. சிறுவயதில் செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்கு ஓடியே ஏறியவருக்கு வீட்டு வாசற்படி இரண்டும் மலைப்பாக இருக்கிறது. "பயந்துட்டான்", "சோம்பல் பிடிச்சிருச்சு" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்புகிறது.

அது சோம்பல் இல்லை. கடுமையான நோயில் உடம்பு தன் தசையைத் தானே கரைத்துக்கொள்கிறது. கிருமித்தொற்றால் உடலெங்கும் பரவும் அழற்சி, மயக்க மருந்து, அசைவற்ற படுக்கை எல்லாம் சேர்ந்து தசையை அரிக்கின்றன. சிலருக்கு நரம்பும் பழுதாகிறது. லண்டனில் 63 ஐசியூ நோயாளிகளின் தொடைத் தசையை ஸ்கேன் எடுத்து அளந்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்தே நாளில் சராசரியாக ஏறத்தாழ 18 விழுக்காடு தசை குறைந்திருந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு!

நோயே இல்லாதவரையும் படுக்கை விட்டுவைப்பதில்லை. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஆரோக்கியமான 5 இளைஞர்களை 3 வாரம் படுக்கவைத்தார்கள். 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். ஐம்பது வயதில்கூட அவர்களின் உடல்திறன், அந்த 3 வாரப் படுக்கைக்குப் பின் இருந்த அளவுக்கு இறங்கியிருக்கவில்லை. ஏற்கெனவே தசை கரைந்து வீடு வந்தவரை இன்னும் இரண்டு மாதம் படுக்கவைப்பது என்ன செய்யும் என்று நினைத்தாலே பதறுகிறது.

அதற்காக மறுநாளே பிடித்து நடக்கவைக்கக் கூடாது. ஐசியூவிலேயே நோயாளிகளை வழக்கத்தைவிடக் கூடுதலாக எழுப்பி இயக்கிப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு, 750 பேரிடம் 6 நாடுகளில் நடந்தது. 2022-ல் வந்த அதன் முடிவு: கூடுதல் பலன் இல்லை, பாதிப்புகள்தான் அதிகம். வீடு திரும்பிய பிறகான பயிற்சியைப் பற்றிய ஆய்வுகளும் ஒருமித்த முடிவைத் தரவில்லை. ஆகவே வேகம் தேவையில்லை. நாள் முழுக்கப் படுத்தே, உட்கார்ந்தே கிடப்பதை உடைத்தால் போதும், தொடக்கம் அதுதான்.

சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல், அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் போடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் அரைமணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு முறை எழுந்து நிற்கட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை முதலில் மூன்று முறை, பிறகு ஐந்து முறை செய்யலாம். தொடைத் தசைக்கு இதைவிட எளிய பயிற்சி இல்லை. பிறகு திண்ணை வரை. அடுத்த வாரம் தெருமுனைக் கோயில் வரை. கழிப்பறை பின்கட்டில் இருந்தால் ஒருவர் துணைக்குப் போகலாம். முடிகிறவருக்குப் படுக்கையிலேயே பெட்பேன் வைக்க வேண்டாம். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. மறுநாள் அடித்துப்போட்டாற்போல் கிடந்தால் முந்தைய நாள் அளவு மீறிவிட்டது என்று பொருள். நெஞ்சுவலி, தலைசுற்றல், உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சிரைப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எலும்பு முறிந்தவர்களும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. வெறும் கஞ்சியில் தசை வளராது. முட்டை, பருப்பு, மீன் வேண்டும். சிறுநீரகம் பாதித்தவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளட்டும்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் ஒரு பகுதி. பலர் அதைச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை தரும் திட்டமாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். இயன்முறை மருத்துவர் தினமும் வரமாட்டார். வரும் நாளில் பக்கத்தில் நின்று, எப்படித் தாங்குவது, எங்கே பிடிப்பது என்று வீட்டார் கற்றுக்கொள்ள வேண்டும்.

தேற எவ்வளவு நாள் ஆகும்? டிஸ்சார்ஜ் அன்றே மருத்துவமனையில் இதைச் சொல்லியனுப்ப வேண்டும்; பல இடங்களில் மாத்திரைச் சீட்டோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நுரையீரல் செயலிழந்து பிழைத்த 109 பேரைக் கனடாவில் ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 2003-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஓராண்டு முடிவில் அவர்களுடைய நுரையீரல் பெரும்பாலும் தேறியிருந்தது, கால்தான் தேறவில்லை. 6 நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம், எதிர்பார்க்கும் அளவில் மூன்றில் இரண்டு பங்கு. வேலைக்குத் திரும்பியவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். அறுவடைக்குள் எழுந்துவிடுவார் என்று நாள் எண்ணும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு முதலிலேயே தெரிந்திருந்தால், மூன்றாம் மாதத்தில் யாரும் அவரிடம் "இன்னுமா?" என்று கேட்கமாட்டார்கள்.