பூட்டிய அலமாரியும் புளியங்கொட்டையும்

சிற்றூர்ப் பங்கொன்றின் தொடக்கப் பள்ளிக்கு ஒருமுறை நாம் சென்றிருந்தோம். மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தது. 42-லிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். "இரண்டில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு" என்றார் ஆசிரியை. பிள்ளைகளும் உரத்த குரலில் அவ்வாறே ஒப்பித்தனர். ஆயினும் பலர் எழுதிய விடை 35. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்துவிட்டனர். கடன் என்றால் என்னவென்று அவர்களுக்கு விளங்கவில்லை.

தலைமையாசிரியரின் அறையில் பூட்டிய அலமாரி ஒன்று இருந்தது. நாம் கேட்டபின் திறந்து காட்டினார். ஓய்வு பெற்றுச் சென்ற கன்னியர் ஒருவர் செய்து வைத்த தீப்பெட்டிகள் அதனுள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பத்துப் புளியங்கொட்டைகள். பெட்டி ஒன்று பத்து. தனிக் கொட்டை ஒன்று. நான்கு பெட்டிகளும் இரண்டு கொட்டைகளும் சேர்ந்தால் 42. ஏழு கொட்டைகளை எடுக்கக் கையில் இரண்டுதானே உள்ளன? ஒரு பெட்டியைத் திறந்தால் பன்னிரண்டாகும். ஏழை எடுத்தால் ஐந்து மிஞ்சும். எஞ்சிய மூன்று பெட்டிகளில் ஒன்றை எடுத்தால் இரண்டு மிஞ்சும். விடை 25. கடன் வாங்குதல் என்பது பெட்டியைத் திறப்பதே என்பதைக் குழந்தையின் கையே கண்டுகொள்ளும்.

அந்தப் பெட்டிகள் ஆய்வாளர் வரும் நாளில் மட்டுமே வெளியே வருமாம். மூன்றாண்டுகளாக அப்பள்ளியில் பணியாற்றிய அந்த ஆசிரியைக்கு அவை இருப்பதே தெரியாது! சில பெட்டிகளைக் கரையான் அரித்திருந்தது. நம் உள்ளம் வருந்தியது. தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனின் உவமையைக் கோவிலில் கேட்கும் நாம், பள்ளியில் அதை மறந்துவிடலாமா?

கத்தோலிக்கக் கல்வியின் மரபு புதைத்து வைக்கும் மரபன்று. பிரான்சு நாட்டில் ஏழைச் சிறுவர்க்கெனப் பள்ளிகளை நிறுவிய புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், இலத்தீன் மொழிக்கு முன்பாகத் தாய்மொழியிலேயே வாசிக்கக் கற்பிக்கச் செய்தார். அவருடைய சபையின் பள்ளி நடத்தும் முறைநூல் 1706-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியாக நமக்குக் கிடைக்கிறது. 1720-ல், அவர் இறந்த மறு ஆண்டில், அச்சேறியது. அது ஒரு தனி மனிதர் தம் அறையில் அமர்ந்து எழுதியதன்று. அனுபவம் மிக்க சகோதரர்கள் கூடிக் கலந்து பேசி, செய்து பார்த்துப் பயன் கண்டவற்றின் தொகுப்பு அது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-ல் இப்புனிதரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியின் கதையும் நினைவுகூரத்தக்கது. சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லத்தை 1789-முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலேயத் திருச்சபைக் குரு, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். எழுத்தறிந்த சிறுவரைக் கொண்டே இளையோர்க்குக் கற்பித்தார். 1797-ல் இலண்டனில் அதை நூலாக வெளியிட்டார். செலவில்லாத நம் மணல் இவ்வாறு கடல் கடந்தது.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. ஆந்திரத்து ரிஷிவேலியின் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவான அட்டை வழிக் கல்வியைத் தழுவி, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

பின் ஏன் நம் ஆசிரியர்கள் பகிரத் தயங்குகின்றனர்? கொடுத்த பொருள் உடைந்து திரும்புமோ என்ற அச்சம் ஒன்று. "இது ஒரு பெரிய வித்தையா?" என்று பிறர் நகைப்பரோ என்ற கூச்சம் மற்றொன்று. தம் வகுப்பு மட்டும் சிறந்து விளங்கவேண்டும் என்னும் ஆசையும் சிலரிடம் இல்லாமலில்லை. ஆனால் இழப்பு ஆசிரியருக்கன்று. மூன்றாம் வகுப்பில் கழித்தல் புரியாத பிள்ளை ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் கணக்கின்முன் திகைத்து நிற்கிறது. "எனக்குக் கணக்கு வராது" என்று தன்னைத்தானே தீர்ப்பிட்டுக்கொள்கிறது.

செய்யவேண்டியவை எளியவை. பூட்டில்லாத தட்டு ஒன்று ஆசிரியர் அறையில் இருக்கட்டும். உடன் ஒரு குறிப்பேடு: எந்தப் பாடம், என்ன பொருள், எப்படிச் செய்தோம், எங்கே தவறியது என்று நான்கு வரி எழுதினால் போதும். தவறியதையும் எழுதுவது முக்கியம். அடுத்தவர் அதே குழியில் விழமாட்டார். மாதம் ஒரு சனிக்கிழமை அருகிலுள்ள பங்குகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடி, ஆளுக்கொரு பொருளைக் கொண்டுவந்து செய்து காட்டலாம். உடைந்தால் உடையட்டும், தீப்பெட்டிதானே!

பெற்றோரே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. காலித் தீப்பெட்டி, புளியங்கொட்டை, சோடா மூடி, பழைய நாள்காட்டியின் தடித்த அட்டை ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்புங்கள். மாலையில் பிள்ளையோடு அமர்ந்து பத்துப் பத்தாக எண்ணி அடுக்குங்கள்.

அப்பம் ஐந்தே வைத்திருந்த சிறுவன் அதைத் தன் பையில் மறைத்து வைக்கவில்லை. கொடுத்தான், ஆயிரக்கணக்கானோர் உண்டனர். நம் அலமாரிகளின் திறவுகோல் நம் கையில்தான் இருக்கிறது.