இன்ஹா: ஒரு பெயரும் ஹவாய்க் கொரியர் மரபும்

புலம்பெயர்ந்தோர் தம் மரபைப் போற்றுதல் உணவு, உடை, விழா ஆகியவற்றைக் காத்தலோடு அமைவதன்று. ஒரு பெயரும் மரபைத் தாங்கி நிற்கும் என்பதற்கு ஹவாய்த் தீவுக் கொரியர் வரலாறு சான்றாகும்.

கொரியாவின் இன்சோன் துறையினின்றும் புறப்பட்ட முதற்குழுவினர், சப்பானில் கப்பல் மாறி, 1903ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13ஆம் நாள் ஹொனலூலுவை அடைந்தனர். 1905இல் குடியேற்றம் தடைப்படுமுன் ஏறத்தாழ 7,000 பேர் வந்து சேர்ந்தனர். அவருட் பெரும்பாலோர்க்குக் கரும்புத் தோட்டமே தொழிற்களமாயிற்று. 1910இல் கொரியா சப்பானிய ஆட்சிக்கு உட்பட்டமையின், திரும்பிச் செல்வதற்கு உரிமையுடைய நாடும் அவர்க்கு இல்லையாயிற்று. அதன்பின் ஒளிப்படம் பார்த்து மணம் பேசப்பெற்ற மகளிர் கடல் கடந்து வந்தனர்; குடும்பங்கள் அங்கே வேரூன்றின.

கூலியாக உழைத்த அம்மக்கள் விடுதலை இயக்கத்திற்கும் கல்விக்கும் பொருள் ஈந்தனர். அவர்தம் நன்கொடையும் ஹொனலூலுவில் அவர்க்கென இருந்த பள்ளியின் உடைமையை விற்ற பொருளும் துணையாக, 1954இல் இன்சோனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. இன்சோன், ஹவாய் என்னும் இரு பெயர்களின் முதலசைகளும் கூடி 'இன்ஹா' என அதன் பெயராயின. புறப்பட்ட கரையும் புகுந்த கரையும் ஒரு சொல்லில் இணைந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

எனினும், பெயர் தானே பொருளுரைக்க வல்லதன்று; விளக்குவார் இல்லாவழி அது வெற்றொலியாய்விடும். 1972இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் நிறுவிய கொரிய ஆய்வு நடுவமும், 2008இல் இன்சோனில் திறக்கப்பெற்ற குடிபெயர்வு வரலாற்றுக் காட்சிச்சாலையும் இக்கடனை ஆற்றி வருகின்றன. வழங்கும் பெயரின் வரலாற்றை வழிவழி உணர்த்துதலே முன்னோர்க்குச் செய்யும் சிறப்பு என்பது எம் துணிபு.