கிதாருக்கு இரண்டாவது ஒலிபெருக்கி

கிதார் மேலைநாட்டுக் கருவியே எனினும், இன்று தமிழர் இல்லங்களில் அது அயலார் பொருளன்று. மெல்லிசைக் குழுக்களில் மட்டுமன்றிக் கருநாடக இசை மேடையிலும் அதற்கு இடம் கிடைத்துவிட்டது. வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில், தமிழ் எழுத்தைப் பள்ளியில் கற்க வாய்ப்பில்லாத பிள்ளைகள் பலருக்குத் தமிழ்ப் பாட்டின் வாயிலாகவே தாய்மொழி நெருக்கமாகிறது. அப்பிள்ளை பொங்கல் விழாவில் கிதாருடன் மேடையேறும்போது பாட்டின் சொற்கள் அவையோர் செவியில் தெளிவாக விழ வேண்டும். அதற்கு ஒலிபெருக்கிப் பெட்டியின் தேர்வும் ஒரு காரணமாகும்.

மின்கிதார் தானாக உரக்க ஒலிப்பதில்லை. கம்பியின் அதிர்வை அதிலுள்ள காந்தச் சுருள் நுண்ணிய மின்னோட்டமாக மாற்றுகிறது. அதனை வலுப்படுத்தி மீண்டும் ஒலியாக்குவது பெட்டி. வீணைக்குக் குடம் எத்தகையதோ, மின்கிதாருக்கு இப்பெட்டி அத்தகையது. ஒரு பெட்டியுடன் சில ஆண்டுகள் பழகியவர் இரண்டாவதை நாடுவது இயல்பே. அப்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எது சிறந்த பெட்டி?” என்பதன்று, “என்னிடம் உள்ளது எதைச் செய்ய இயலாமல் நிற்கிறது?” என்பதே.

இதற்கு மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) நல்லதோர் எடுத்துக்காட்டு. இரட்டைக் கம்பிகள் பூட்டிய மர மாண்டலினில் நாதம் விரைவில் தேய்ந்துவிடும். நீண்ட கமகங்களுக்கு அது இடம் கொடுக்காது. அக்குறையை உணர்ந்து, ஒற்றைக் கம்பிகள் ஐந்து கொண்ட மின் மாண்டலினை அவர் கையாண்டார். குறை இன்னதென்று தெரிந்ததனால் மாற்றமும் பயன் தந்தது.

குறை பெரும்பாலும் இடத்தைப் பொறுத்தே தோன்றும். திருவனந்தபுரத்தையே எடுத்துக்கொள்வோம். கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் எதிரொலியை அடக்குவதற்காக மண்பானைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அங்கே இடமே இசைக்குத் துணை நிற்கிறது. கனகக்குன்றில் உள்ள நிசாகந்தி அரங்கோ திறந்தவெளி. ஒலியைத் திருப்பித்தரச் சுவர்கள் இல்லாமையால், வீட்டில் முழங்கிய பெட்டி அங்கே மெலிந்து ஒலிக்கும். கரமனையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சிமெண்டு அறையிலோ, சிறு பெட்டியும் இரைச்சலாகும். இம்மூன்றுக்கும் ஒரே பெட்டி பொருந்தாது. வீட்டுக்கு ஏற்றதை வைத்திருப்பவர் மேடைக்கும், மேடைக்கு ஏற்றதை வைத்திருப்பவர் வீட்டுக்கும் ஒன்று தேடுவதே முறை.

அடுத்து ஆற்றலின் கணக்கைக் காண்போம். 15 வாட்டுக்கு 30 வாட் இருமடங்கு முழங்கும் என்று எண்ணுதல் பிழை. ஆற்றல் இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும். செவிக்கு அது சிறு வேறுபாடே. இருமடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். அதே வேளையில், 97 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கருக்குப் பதிலாக 100 டெசிபெல் உள்ளதைப் பொருத்தினால், வாட்டைக் கூட்டாமலே அந்த 3 டெசிபெல் கிட்டும். ஆகவே வாட் எண்ணை மட்டும் கண்டு விலை கொடுத்தல் ஆகாது.

பெட்டிகளில் வால்வு வகை, டிரான்சிஸ்டர் வகை என இரண்டு முதன்மையானவை. வால்வுப் பெட்டியை அதன் எல்லைக்கு அருகில் இயக்கினால் ஒலி சிறிது சிறிதாகக் கரகரப்பேறும். திரைப்பாடல்களிலும் ராக் இசையிலும் விரும்பப்படும் தொனி அது. டிரான்சிஸ்டர் பெட்டி எல்லைவரை தெளிவாக ஒலித்து, எல்லையைக் கடந்ததும் சட்டென்று உடைந்து ஒலிக்கும். 1975இல் வெளிவந்த ரோலண்ட் ஜே.சி. 120 என்னும் பெட்டி, டிரான்சிஸ்டர் வகையின் தெளிவுக்குப் புகழ்பெற்றது. கமகம் கலையாமல் கேட்க விரும்புவோருக்குத் தெளிந்த தொனியே உகந்தது. உங்களிடம் ஒருவகை இருக்குமாயின், மற்ற வகையே துணையாக அமையத்தக்கது.

பாட்டுக்குத் துணையாக வாசிப்போர் கருத வேண்டியது மற்றொன்று உண்டு. சொற்களைத் தெளிவாக்கும் மெய்யெழுத்துகளின் ஒலி பெரிதும் 2,000 முதல் 4,000 வரையிலான அதிர்வெண்களில் அமைகிறது. கிதார்ப் பெட்டி முனைப்புடன் ஒலிப்பதும் அப்பகுதியிலேதான். மேலும், 12 அங்குல ஸ்பீக்கர் உச்ச ஒலியை நேர்முன்னே பாய்ச்சுகிறது. வாசிப்பவரின் முழங்காலருகே பெட்டி இருந்தால் அவருக்கு ஒலி மங்கலாகவும் முன்வரிசையினருக்குக் கூர்மையாகவும் கேட்கும். அவர் இன்னும் ஒலியைக் கூட்ட, பாடகரின் சொல் மறையும். பெட்டியைச் சற்று உயர்த்தி, வாசிப்பவரின் செவியை நோக்கிச் சாய்த்து வைத்தல் நலம். இதனாலேயே குறை தீருமானால், இரண்டாவது பெட்டி வாங்கும் செலவு மிச்சம்.

இரண்டையும் ஒருங்கே இயக்க விரும்பினால், இரு தொல்லைகள் நேரலாம். ஒன்று, இரு பெட்டிகளின் நிலக்கம்பிகளும் சேர்ந்து வளையமாகி எழுப்பும் ‘ஹம்’ என்னும் இரைச்சல். அதை நிறுத்த நிலமுனையைத் துண்டித்தல் உயிருக்கே ஆபத்தாகும். தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் உள்ள பிரிப்பானைப் பயன்படுத்துவதே தக்க வழி. மற்றொன்று, இரு ஸ்பீக்கர்களும் எதிரெதிராக அசைதல். பெட்டிகளை அருகருகே வைத்து மந்தரக் கம்பியை மீட்டுங்கள்; ஒன்றைவிட இரண்டும் சேர்ந்து மெலிந்து ஒலித்தால், ஒன்றின் இணைப்பு முனைகளை மாற்ற வேண்டும். இதனைப் பழுது பார்ப்பவரிடமே ஒப்படையுங்கள். வால்வுப் பெட்டிக்குள் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டி 120 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கலாம். அதனை நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் தேவை. ஆண்டில் இரு பருவமழைகளையும் காணும் கேரளத்தில் ஈரம், குமிழ்களிலும் செருகு துளைகளிலும் துருவையும் கறையையும் உண்டாக்கும். பெட்டியைச் சுவரை ஒட்டியோ வெறுந்தரையிலோ வையாமல், வாரம் சிலமுறையேனும் இயக்கி வாருங்கள்.

கடைக்குச் செல்லும்போது உங்கள் கிதாரையும், இயலுமாயின் பழைய பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் ஒரே அளவு உரக்க ஒலிக்கச் செய்து ஒப்பிடுங்கள். உரக்கக் கேட்பதே இனிமை என்று செவி எளிதில் ஏமாறும். வீட்டில் வாசிக்கும் தாழ்ந்த ஒலியிலும் கேட்டுப் பாருங்கள்.

செவிநலத்தையும் அயலார் நலத்தையும் மறத்தல் கூடாது. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்டல் தீங்கு தரும். ஒலி கூடக்கூட அந்நேரம் விரைவாகக் குறையும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என எல்லை வகுத்துள்ளன. இல்லத்துப் பயிற்சிக்குச் சிறு பெட்டியும், அவைக்குத் தெளிவான பெட்டியும் கொண்டவர் இந்த எல்லைக்குள் நின்றே தம் கலையை வளர்த்துக்கொள்ளலாம். அயல்மண்ணில் நாம் எழுப்பும் பாட்டு, அடுத்த வீட்டாரும் விரும்பிக் கேட்கும் அளவில் இருத்தல் நமக்கும் நம் மொழிக்கும் பெருமையாகும்.